குத்துக்கு ஆகாத கத்தி

கதவு சாத்திய சத்தம் கேட்டபோது கிட்டுசாமி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பங்குனிக் காற்றுக்குத் திருப்பூரில் சாத்தாத கதவு கிடையாது. அதற்கு அடுத்து வந்த சத்தம்தான் அவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கொண்டியை இழுத்துப் போடும் சத்தம். அதன்மேல் பூட்டு விழுந்து சாவி திரும்பும் சத்தம். காற்றுக்கு அந்த வித்தை தெரியாது.

"ஏனுங்ணா, நம்மளை உள்ள போட்டுப் பூட்டீட்டாங்க."

பனியன் கம்பெனிக் குடோனில், கட்டி அடுக்கிய நூல் பேல்களுக்கு நடுவில் குந்தித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த சென்னிமலை, தலையைத் தூக்காமலே, தனக்கும் காது கேட்கும் என்றார்.

கிட்டுசாமி ஓடிப்போய்க் கதவில் தோளைக் கொடுத்தான். இரட்டைக் கதவு, பழைய மரம், அசையவில்லை. தட்டினான், உதைத்தான், மேனேஜர் அர்த்தநாரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். குடோனைத் திறந்து காட்டி, இளநீர் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு இப்போதுதான் வெளியே போயிருந்தான் அர்த்தநாரி. பதில் இல்லை. பெருமாநல்லூர்க் கோயிலில் தீ மிதிக்கிற குண்டம் திருவிழாவுக்குக் கம்பெனி மொத்தமும் வண்டி பிடித்துப் போயிருந்தது. பண்டிகை முடியும்வரை லீவு. பக்கத்துத் தறிக் கூடமும் வாயை மூடிக்கொண்டு கிடந்தது. மிஷின் சத்தமே இல்லாத பகலைத் திருப்பூரில் கிட்டுசாமி அதற்கு முன் கண்டதில்லை.

அவனுக்கு அடைத்த இடம் ஆகாது. பல்லடம் லைன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலத்தில், மழை பெய்தாலும் படியில் தொங்கிக்கொண்டேதான் டிக்கெட் கிழிப்பான். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் வாயால் சீண்டிச் சீண்டியே அந்த வேலை போயிற்று. கோயமுத்தூரில் போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியிருந்த சென்னிமலைக்கு, ஊரெல்லாம் பழக்கமான அந்த வாய்தான் தேவைப்பட்டது. சேர்த்துக்கொண்டார்.

இப்போது அந்த வாய் உலர்ந்துபோய்க் கிடந்தது. ஜன்னல் இல்லாத குடோன். கூரை தகரம். உச்சியில் கம்பி அடித்த ஒரு சின்னத் துவாரம். ஏணி வைத்தாலும் எட்டாது. கதவின் அடி மூலையைப் பெருச்சாளி கடித்துத் தின்றிருந்த ஓட்டை வழியாக மட்டும் கொஞ்சம் வெயில் உள்ளே வந்து தரையில் விழுந்திருந்தது. உச்சி வெயிலுக்குத் தகரம் படபடவென்று தெறித்தது. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியது. சுவர்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விரற்கடை கிட்டே வருகிற மாதிரி அவனுக்குப் பட்டது.

போன வாரம் இதே குடோனில், அதோ அந்தப் பேலின் அடியில், கம்பெனி முதலாளி லிங்கசாமி செத்துக் கிடந்தார். விலாவுக்குக் கீழே ஒரு குத்து. அவர் எப்போதும் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டின் பக்கிளில் ஒரு கீறல். பக்கத்தில், பாதி மடங்கிய நிலையில், ரத்தத்தோடு ஒரு மடக்குக் கத்தி. கொம்புப் பிடி போட்ட அந்தக் கத்தி யாருடையது என்று கம்பெனியில் கேட்க வேண்டியதே இல்லை. கட்டிங் மாஸ்டர் ஆறுச்சாமியுடையது. அதற்கு முந்தின நாள்தான் முதலாளிக்கும் அவனுக்கும் துணி வீணானதைப் பற்றி வாய்த் தகராறு. போலீஸ் ஆறுச்சாமியைக் கூட்டிக்கொண்டு போய் உள்ளே வைத்தது. அவன் மனைவி வேலாத்தாள் சென்னிமலையைத் தேடி வந்து, தன் புருஷன் கோழி அறுக்கக்கூடப் பக்கத்து ஊட்டு ஆளைத்தான் கூப்பிடுவான் என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள்.

கத்தியைப் போலீஸார் ஒரே ஒரு தடவை காட்டினார்கள். சென்னிமலை நேரே பல்லடம் போய் அதே ஜாதிக் கத்தி ஒன்று வாங்கினார். அன்றிலிருந்து கொலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பென்சில் சீவினார். கொய்யா நறுக்கினார். நூல் சுற்றிய கோனிலிருந்து இழை அறுத்தார், நகம் வெட்டினார், செருப்பு வாரில் ஓட்டை போட்டார். பார்க்கிறவர்களிடமெல்லாம் கத்தியை நீட்டி, விரித்துப் பாருங்கள், தினசரி வேலைக்கு ஆகுமா சொல்லுங்கள் என்று கேட்டார். ஆறுச்சாமியை விடுவிக்க வந்தவர் சாணை பிடிக்கிற கடை போடப்போகிறாரோ என்று கிட்டுசாமிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இப்போதும் அவர் பேலின் மேல் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்து, நகத்தால் நெம்பி விரித்து, ஒரு கொய்யாவைத் தோல் சீவ ஆரம்பித்தார்.

"நம்ம உசுரு போகப்போகுது, உங்களுக்குப் பழம் கேக்குதுங்களா?"

ஸ்பிரிங் நல்ல இறுக்கம் என்றார் சென்னிமலை. விரிக்க ரெண்டு கையும் வேண்டும், அது ஒன்றுதான் குறை. பிடி வியர்வைக்கு வழுக்கவில்லை. அலகு துருவேறாது, ஆனால் அடிக்கடி தீட்ட வேண்டும். பழத்துக்கு, நூலுக்கு, தோலுக்குச் சிறப்பு. இதைவிட நல்ல கத்தி ஒரு வீட்டுக்குத் தேவையில்லை.

"வீட்டுக்குத் திரும்பிப் போனாத்தானுங்க வீட்டுக் கத்தி" என்று சொல்லிக் கிட்டுசாமி அதைப் பிடுங்கினான். பெருச்சாளி பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறது, மீதியை நான் முடிக்கிறேன் என்று கதவு மூலையில் மண்டியிட்டான். ஓட்டையை ஆள் நுழைகிற அளவுக்குப் பெயர்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு. முதலில் ஓரத்தைச் சீவிப் பார்த்தான். சிராய் சிராயாக வந்ததே தவிர மரம் குறையவில்லை. பொறுமை போயிற்று. பிடியை இறுகப் பிடித்து, முனையைப் பலகையில் வைத்து ஓங்கிக் குத்தினான்.

முனை மரத்தில் ஏறவில்லை. அலகு பின்னால் மடிந்து, சொடுக்குப் போட்ட மாதிரி அவன் விரல்மேலேயே விழுந்தது.

கையை உதறிக்கொண்டு சுருண்டு உட்கார்ந்தான். ஆள்காட்டி விரலின் மேல்புறம், நடுக் கணுவுக்கு அருகில், வாயைத் திறந்த மாதிரி ஒரு வெட்டு. அதை ஒட்டி நடுவிரலில் மெலிதாக ஒரு கோடு. ரத்தம் நூல் கோன்மேல் சொட்டியது.

சென்னிமலை பேலிலிருந்து குதித்து வந்தார். தலைத்துண்டைக் கிழித்துக் கட்டப் போகிறார் என்று கிட்டுசாமி நினைத்தான். அவரோ கையைப் பிடித்துத் ஓட்டை வெளிச்சத்துக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நாலஞ்சு நாளா நான் எத்தனை வேலைக்கு இதை எடுத்திருப்பேன். ஒருக்காக்கூட மடங்கலை, பாத்தியா?"

"எங்கையில மடங்கோணும்னு நேந்துட்டு வந்திருக்குமுங்க."

அவர் விளக்கினார். அறுக்கிறபோதும் சீவுகிறபோதும் பாரம் அலகின் கூர்ப்பக்கம் விழுகிறது. அது கத்தியை இன்னும் விரித்துத்தான் பிடிக்கும். முனையால் கெட்டியான ஒன்றைக் குத்தினால் மட்டும்தான் மடங்கும், ஏனென்றால் இந்த ஜாதிக் கத்திக்கு அலகை நிறுத்திப் பிடிக்கிற பூட்டுக் கிடையாது. மடங்கினால் முதலில் மாட்டுவது ஆள்காட்டி விரல். அதுவும் உள்பக்கம் அல்ல, மேல்பக்கம். லிங்கசாமியை முதலில் குத்தியது சதையில் இறங்கிவிட்டது. அடுத்த குத்து பெல்ட் பக்கிளில் பட்டிருக்கிறது. அந்த நொடியில் கத்தி, குத்தியவனைக் கடித்திருக்க வேண்டும். அதனால்தான் பாதி மடங்கிக் கிடந்தது.

"தெனசரி வேலைக்குத் தங்கமான கத்தி, கிட்டு. குத்துக்கு மட்டும் ஆகாது. வருஷக் கணக்கா அதை வெச்சுப் பொழைச்ச ஆறுச்சாமிக்கு அது தெரியும். அவன் கையில ஒரு கீறல் இல்லை, நானே பார்த்தேன். கட்டிங் மேசையில கெடந்த கத்தியை அவசரத்துல எடுத்தவனுக்குத்தான் அது தெரியாது."

கிட்டுசாமி தன் துண்டை விரல்களில் சுற்றினான். ஒரு விரலுக்கு மட்டும் சுற்ற முடியவில்லை. பக்கத்து விரலையும் சேர்த்தால்தான் கட்டு நின்றது. சுற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான்.

அன்று காலையில் கம்பெனி ஆபீஸில் அர்த்தநாரி காப்பியை இடது கையால் நீட்டினான். வந்த விருந்தாளிக்கு இடது கையால் கொடுப்பது அந்தப் பக்கத்தில் சாதாரணக் காரியமல்ல. அவனே கூச்சப்பட்டு, ஆள்காட்டி விரலில் நகச்சுத்து என்று சொல்லி, எலுமிச்சம்பழம் சொருகிய வலது கையைத் துண்டுக்கு வெளியே லேசாகக் காட்டினான். எலுமிச்சை ஒரு விரலில், கட்டு இரண்டு விரலுக்கு. தெருவில் இறங்கியதும் கிட்டுசாமி, ஒரு டிக்கெட்டுக்கு ரெண்டு பேர் பிரயாணம் செய்கிறார்கள் என்று அதைக் கிண்டல் வேறு செய்திருந்தான்.

"அண்ணா, அந்த நகச்சுத்து" என்று ஆரம்பித்தான். மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்தியை விரிக்கச் சொல்லி நீட்டியபோது அர்த்தநாரி விரிக்காமலே, நல்ல கத்தீங்க என்று திருப்பிக் கொடுத்ததும் இருவருக்கும் ஒன்றாக நினைவு வந்தது. லிங்கசாமியின் அக்காள் மகன். கம்பெனியைத் தன் தோளில் சுமந்தவன். முதலாளியின் ஒரே மகளுக்கு முறை மாப்பிள்ளை. அந்தப் பெண்ணை உடுமலைப்பேட்டையில் ஒரு தோப்புக்காரர் வீட்டுக்குப் பேசி முடிக்க லிங்கசாமி நாள் பார்த்திருந்தார் என்பதை அவர்கள் முன்பே கேள்விப்பட்டிருந்தார்கள்.

கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்த இருவரும் அவன் போட்ட பூட்டுக்குள் இருந்தார்கள். கிட்டுசாமி மறுபடியும் கதவை உதைத்துப் பார்த்தான். லீவு முடிந்து கதவைத் திறக்கிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று நினைக்காமலிருக்க முயன்றான், முடியவில்லை. வெக்கை இன்னும் ஏறியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கட்டத்தில் அவன் தரையில் படுத்து, பெருச்சாளி ஓட்டையில் மூக்கை வைத்து வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கண்டான். ஓட்டைக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், தரையில் ஒரு நிழல் உட்கார்ந்திருந்தது. நெடுநேரமாக அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அர்த்தநாரிதான் காவலிருக்கிறான் என்று நினைத்து, மனிதனாக இருந்தால் ஒரு வாய் தண்ணி கொடு என்று கேட்டான். நிழல் எழுந்து போயிற்று. திரும்பி வந்தது. ஓட்டை வழியாக ஒரு டம்ளர் உள்ளே நகர்ந்தது. டம்ளரைத் தள்ளிய கையில் கண்ணாடி வளையல்கள்.

"தண்ணி வேணும்ங்கிற அளவு தர்றனுங்க. கதவைத் தொறக்கச் சொல்லாதீங்க" என்றது ஒரு பெண் குரல்.

லிங்கசாமியின் மகள் தெய்வாத்தாள். அப்பனைப் பறிகொடுத்து ஒரு வாரமே ஆன பெண், அப்பனைக் கொன்றவனைத் தேடி வந்தவர்களைப் பூட்டி வைத்துக் காவலிருக்கிறாள். கிட்டுசாமி இதை எதிர்பார்க்கவில்லை. சென்னிமலையும் எதிர்பார்க்கவில்லை என்பது, அவர் கீழே படுத்த வேகத்தில் தெரிந்தது.

அவர் மிரட்டவில்லை. அம்மிணி என்று கூப்பிட்டு, யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். அவள் மறைக்கவில்லை. இரண்டு பேரும் ஆறுச்சாமியைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள். அதற்காக மச்சான்மேல் பழியைப் போடப் பார்க்கிறார்கள். காலையில் கத்தியை நீட்டி விரிக்கச் சொன்னதே அதற்குத்தான். மச்சான் கோயமுத்தூர் போய்ப் பெரிய வக்கீலைக் கூட்டிக்கொண்டு வரும்வரை இவர்களை வெளியே விடக் கூடாது. சாவி அவளிடம்தான் இருந்தது. மச்சான் கையில் காயம் பட்டது உண்மை. பேல் கட்டுகிற இரும்புப் பட்டை கிழித்துவிட்டதாம். அது வெளியே தெரிந்தால் போலீஸ் தப்பாக நினைக்கும் என்றுதான் நகச்சுத்து என்று சொல்லச் சொன்னாராம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தினமும் அவள்தான் கட்டுப் போடுகிறாள்.

"பட்டையைப் புடிச்சு இழுத்தா விரலுக்கு உள்பக்கந்தான் கிழியும், அம்மிணி. உங்க மச்சானுக்கு எந்தப் பக்கம்?"



கிட்டுசாமி சென்னிமலையைக் கேட்கவுமில்லை, யோசிக்கவுமில்லை. துண்டை அவிழ்த்தெறிந்துவிட்டு, ரத்தம் வடிகிற வலது கையை அந்த ஓட்டை வழியாக வெளியே நீட்டினான். வெயில் சுட்டது. கொஞ்ச நேரம் கழித்து, குளிர்ந்த விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பின. 

"இது எப்பங்க ஆச்சு?"

"இப்பத்தானுங்க அம்மிணி. உங்க கதவைக் குத்தப் போயி."

ஆள்காட்டி விரலில் ஆழம், நடுவிரலில் லேசு. அதே சாய்வு, அதே இடம். தினமும் கழுவித் துடைத்துக் கட்டிய காயம் அவளுக்கு எப்படி மறக்கும்? சென்னிமலை கத்தியை மடக்கி ஓட்டை வழியாகத் தள்ளினார். சொல்லி நம்ப வேண்டாம், விரித்து, விரலை ஒதுக்கிப் பிடித்து, முனையைக் கதவில் வைத்து அழுத்திப் பாருங்கள் என்றார்.

நகம் நெம்புகிற சத்தம். அலகு விரிகிற சொடுக்கு. பலகையில் முனை பதிகிற மெல்லிய ஓசை. பிறகு அலகு மடிந்து விழும் சத்தம். அவள் நிறுத்தவில்லை. மறுபடி விரித்தாள், மறுபடி அழுத்தினாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு கத்தி கீழே விழுந்தது. அதன்பின் வந்த சத்தம் அழுகையா மூச்சா என்று கிட்டுசாமியால் பிரிக்க முடியவில்லை. தன் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் அவனுக்கு மனம் வரவில்லை.

சாவி திரும்பியது.

வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தபோது, திறந்துவிட்டதற்கு நன்றி சொல்லக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியது. யாரும் கேட்காமலே அவள் சொன்னாள். கோயமுத்தூர் பஸ் வடக்கே போகிறது, மச்சான் பை தூக்கிக்கொண்டு தெற்கே பல்லடம் ரோட்டுப் பக்கம் நடந்ததைப் பார்த்தபோதே ஏனென்று யோசித்தேன், யோசித்ததை நம்பவில்லை என்றாள்.

சென்னிமலை ஆபீஸ் போனை எடுத்துப் பல்லடம் ஸ்டேஷனுக்கு லைன் கேட்டார். எலுமிச்சம்பழம் சொருகிய விரலோடு ஒருவன், மாநில எல்லையைத் தாண்டப் பொள்ளாச்சிப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நிற்பான் என்று சொன்னார். பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒருவன்தான் நின்றான்.

லிங்கசாமியின் காரிலேயே மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். ஸ்டேஷனில் அர்த்தநாரி பெஞ்சில் உட்கார்ந்து, சப்-இன்ஸ்பெக்டருக்கு மரியாதையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நகச்சுத்துங்க, நாலு நாளாத் தூக்கமில்லீங்க. இதைக் கழற்றிப் பார்க்கக் கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் வரட்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அதுவரை ஒன்றும் நிரூபணமில்லை என்றார்.

சென்னிமலைக்குப் பின்னால் நின்றிருந்த தெய்வாத்தாள் முன்னால் வந்தாள்.

"ஆரும் வரவேண்டீதில்லீங்க. கட்டுப் போட்டது நானு. நானே அவுக்கறேன்."

அவளைப் பார்த்ததும் அர்த்தநாரியின் வாயிலிருந்து மரியாதை வார்த்தைகள் நின்றுபோயின. அவள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை உருவி மேசைமேல் வைத்தாள். துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசிச் சுற்று பிரிந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். கிட்டுசாமி ஒன்றும் பேசாமல் தன் கையை அதன் அருகில் கொண்டுபோய் வைத்தான்.

மாமனைச் சாகடிக்கோணும்னு போகலை தெய்வா, உடுமலைக்கு உன்னைக் குடுக்கறேன்னு சொல்லவும் கண்ணு தெரியாமப் போச்சு என்று அர்த்தநாரி சொன்னான். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

"நானும் உடுமலைக்குப் போறதா இல்லீங்க. அதை எங்கப்பன்கிட்டச் சொல்றதுக்குத்தான் நாள் பாத்துட்டிருந்தேன்" என்றாள் தெய்வாத்தாள். "இந்தக் கையோட சாப்பிட முடியலைன்னீங்க. எங்கப்பனைக் குத்துன கைக்கு வலிக்கக் கூடாதுன்னு, ஒரு வாரமா எங்கையால உங்களுக்குச் சோறு ஊட்டுனேன்."

அவன் முகம் அப்போதுதான் உடைந்தது. வாக்குமூலம் கொடுக்கச் சொல்லி அதன்பின் யாரும் அவனைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆறுச்சாமியை விட்ட அன்று, ஜெயில் வாசலில் வேலாத்தாளோடு சென்னிமலையும் கிட்டுசாமியும் நின்றார்கள். சற்றுத் தள்ளி, வேப்பமரத்தடியில், தெய்வாத்தாளும் வந்து நின்றிருந்தாள். கிட்டே வரலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்த புருஷனை ஏற இறங்கப் பார்த்து முடித்ததும், வேலாத்தாள் நேரே அந்த மரத்தடிக்கு நடந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.